மஞ்சள் விளக்கை அணைப்பவன்

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் என் கராஜ் இருக்கிறது. கராஜ் என்பது மரியாதைக்குச் சொல்வது. தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற வேலை எனக்கில்லை. வாகனத்தின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருக ஓர் இடம் வைத்திருப்பார்கள். செருகினால் எஞ்சினை நடத்துகிற கம்பியூட்டர் தன் குறைகளை எல்லாம் இலக்கங்களாகச் சொல்லும். அதைப் படித்துச் சொல்வதுதான் என் தொழில். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குறையைக் கேட்க வருவதில்லை. மீற்றருக்குள் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிகிறது, அதை அணைத்துத் தர வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். என்னை மெக்கானிக் என்று சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. "லைட் அணைக்கிற ஆள்" என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் வழி காட்டும்.

எனக்கு அதில் பெருமை இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அழுது பிரயோசனமில்லை.

விளக்கு ஏன் எரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது என்ன என்பது விளங்காது. எஞ்சினுக்குள் பெற்றோல் எரிந்து புகையாக வெளியேறும் குழாயின் தொடக்கத்திலேயே ஓர் ஒட்சிசன் சென்சர் இருக்கும். விரலளவு சாமான். கறி ஆக்குகிறவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பதுபோல, புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று அது ருசி பார்த்துச் சொல்லும். மிச்சம் கூடவென்றால் பெற்றோல் போதவில்லை, கம்பியூட்டர் கூட்டும். மிச்சமே இல்லையென்றால் பெற்றோல் அதிகம், குறைக்கும். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் இந்தக் கூட்டலும் குறைத்தலும் ஒரு கணம் விடாமல் நடக்கும். அதைத் தாண்டிக் குழாயில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே தேன்கூட்டைப்போல நுண்ணிய துளைகள். கெட்டலைட்டிக் என்போம். புகையில் உள்ள நஞ்சை எரித்து ஆளைக் கொல்லாத வாயுவாக மாற்றுவது அதன் வேலை. பெட்டிக்கு அப்பால் இரண்டாவது சென்சர் ஒன்று. இது பெரும்பாலும் காவலுக்கு இருப்பது. பெட்டி தன் வேலையைச் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பெட்டி செத்துப்போனால் கம்பியூட்டரிடம் சொல்லும், கம்பியூட்டர் மஞ்சள் விளக்கைப் போடும்.

கம்பியூட்டர் அவசரக்காரன் அல்ல என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு தடவை பிழை கண்டால் மனதுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே பிழை வந்தால்தான் விளக்கைப் போடும். மனிதர்களில் அவ்வளவு பொறுமைசாலியை நான் கண்டதில்லை.

எங்கள் கடலோரத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஜப்பானில் பத்து வருடம் ஓடிவிட்டு வந்த வாகனம் இங்கே உப்புக் காற்றில் இரண்டு மாரி நின்றால் அடிப்பக்கம் பப்படம்போல உதிரும். கெட்டலைட்டிக் பெட்டி உள்ளே உடைந்து அடைத்துக்கொள்ளும், எஞ்சின் மூச்சு வாங்கும். புதுப்பெட்டி வாங்குவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். வெல்டிங் கடையில் பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் ஒட்டிக் கொடுப்பார்கள். உடைந்த பெட்டியை வாங்கிப் போகவும் ஆள் வரும், அதற்குள் பெறுமதியான உலோகம் இருக்கிறதாம். வண்டி குதிரை மாதிரிப் பாயும். ஆனால் இரண்டாவது சென்சர் சும்மா இருக்காது. பெட்டியைக் காணவில்லை என்று விளக்கு எரியும். அப்போதுதான் என்னிடம் வருவார்கள்.

நான் சாய்ந்தமருதில் ஒரு லேத் கடையில் சொல்லி நட்டுக் கடைந்து வைத்திருந்தேன். பெருவிரல் நீளம், நடுவில் சிறிய துளை. சென்சருக்கும் குழாய்க்கும் இடையில் அதைப் பூட்டினால் சென்சர் புகையைவிட்டு விலகிப் போய்விடும். புகையின் ஏற்ற இறக்கம் அதற்குச் சரியாக எட்டாது. எல்லாம் அமைதி, எல்லாம் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். இல்லாத பெட்டி இருக்கிறதென்று கம்பியூட்டர் நம்பும். வருடத்துக்கு ஒரு தடவை புகைப் பரிசோதனை உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்கு எஞ்சினை நல்ல பிள்ளையாக நடிக்கவைக்கும் வித்தையும் எனக்குக் கைவந்திருந்தது. எத்தனை வாகனத்துக்கு நட்டுப் பூட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அதில் ஒன்று என் மச்சானின் வேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்தால் ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்படித்தான் நான் பாலமுனையிலிருந்து கல்முனைக்கு வந்தேன். அதே வழக்கப்படி என் தங்கச்சியின் கணவர் பாலமுனையில் எங்கள் உம்மாவின் வீட்டுக்கு வந்தார். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவர். நல்ல மனிதர், யாரையும் எதிர்த்துக் கதைக்கத் தெரியாதவர். நான் சொன்னால் வேதவாக்கு. அவருடைய சின்ன வேனுக்குப் பெட்டி வெட்டியதும் நான் சொல்லித்தான், நட்டுப் பூட்டியதும் நான்தான்.

"இந்த லைட் என்னத்துக்கு மச்சான் எரியிற?" என்று அப்போது கேட்டார்.

"அது சும்மா புகைச் சட்டத்துக்கு எரியிற லைட். எஞ்சினுக்கு ஒண்டுமில்ல," என்றேன்.

தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. மூன்றாவது தடவை மாதங்கள் கடந்தபோது வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவும் பயந்தார்கள். தொட்டில் வாங்கவில்லை, துணி தைக்கவில்லை. உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யாசீன் ஓதித் தண்ணீர் கொடுப்பார். ஒன்பதாம் மாதம் மாரியோடு வந்தது.

அந்த வாரம்தான் மச்சான் வேனோடு என் கராஜுக்கு வந்தார். விளக்கு மறுபடி எரிந்திருந்தது. செருகிப் பார்த்தேன். இந்தத் தடவை இரண்டாவது சென்சர் அல்ல, முதலாவது. புகையில் ஒட்சிசன் மிதமிஞ்சி இருக்கிறது, நானும் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகிறேன், என்னால் முடிந்த எல்லைவரை கூட்டிவிட்டேன், இன்னும் போதவில்லை என்று கம்பியூட்டர் சொன்னது. தேவையைவிடக் கால் பங்கு அதிகமாகப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்கேனரில் அந்த இலக்கம் ஒரே இடத்தில் அசையாமல் நின்றதை இப்போதும் கண்ணை மூடினால் காண்கிறேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். சென்சருக்கு முன்னால் குழாயில் எங்கேயாவது வெடிப்பிருந்தால், எஞ்சின் மூச்சுவிடும் இடைவெளியில் வெளிக்காற்று அதற்குள் இழுபடும். அந்தக் காற்றில் உள்ள ஒட்சிசனை சென்சர் ருசி பார்க்கும். பெற்றோல் போதவில்லை என்று தவறாகச் சொல்லும். எஞ்சின் தின்ன முடியாத அளவுக்குப் பெற்றோல் வந்து, பாதி எரிந்து பாதி எரியாமல் புகையாகப் போகும். உள்ளே பார்த்தால் போதும் என்பவனுக்கு இது விளங்காது, குனிந்து அடியில் பார்க்க வேண்டும். எஞ்சினைப் போட்டதும் முன் சீற்றுக்குக் கீழே டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. வால்வுச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கராஜுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் முதுகை வைத்துப் படுக்க எனக்கு மனம் வரவில்லை. மச்சானுக்கும் அவசரம், தங்கச்சியை மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"பெருசா ஒண்டுமில்லையே மச்சான்?"

"இல்ல. தண்ணிக்குள்ள ஓடினதால சென்சர் நனைஞ்சிருக்கும். அழிச்சு விடுறன். புள்ள பொறந்து வீட்ட வந்த பொறகு கொண்டு வாங்க, பார்ப்பம்."

பிழைகளை அழிக்கும்போது ஸ்கேனர் ஒரு தடவை கேட்கும், நிச்சயமாக அழிக்கவா என்று. நான் அழுத்தினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. மச்சான் சந்தோஷமாகக் கை குலுக்கிவிட்டுப் போனார்.

ஆண்பிள்ளை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மச்சான் காதில் பாங்கு சொன்னபோது பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்ததாம். நாலாம் நாள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். உம்மா தொலைபேசியில் என்னிடம் அழுதார், சிரித்தார், பிறகு உடனே வேலையில் இறங்கினார்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்போம். நாற்பது நாளைக்குக் காற்றுப் படக்கூடாது. காதுக்குள் காற்றுப் புகுந்தால் சன்னி வரும், பிள்ளைக்கு என்னவும் ஆகும். எங்கள் உம்மாமாருக்கு இது மார்க்கத்துக்கு அடுத்த படி. ஆஸ்பத்திரி வாசலிலேயே உம்மா வேனைத் தயார் செய்ததை மச்சான் பிறகு எனக்குச் சொன்னார். பின்பக்கக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறுக மூடி, இடுக்குகளில் துவாயைத் திணித்தார். முன் சீற்றுக்குப் பின்னால் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினார், சாரதி பக்கத்துக் காற்று பின்னால் வராமல். ஏசி குளிர் என்று அதையும் போடவிடவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் காதில் பஞ்சு. அதைவிடப் பாதுகாப்பாக ஒரு பெட்டியை யாராலும் அடைக்க முடியாது. மச்சான் மட்டும் தன் பக்கக் கண்ணாடியை நாலு விரல் திறந்து வைத்திருந்தார், மழையில் வெளியே உள்ள சைட் மிரர் தெரியவேண்டுமே.

மதியம் இரண்டு மணியிருக்கும். வேலை இல்லை. அந்த மழையில் யார் வருவார்? உம்மா தொலைபேசியில் எடுத்தார்.

"பெரியகல்லாத்தடியில நிக்கிறம் மனே. ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுதாம். முன்னுக்கு லொறி ஒண்டு நடுவில நிண்டுட்டாம். கனநேரமா ஒரு வாகனமும் அசையல்ல."

"தங்கச்சி எப்பிடி உம்மா?"

"அவ நல்ல நித்திர. கூப்பிட்டாலும் எழும்புறா இல்ல. பாவம், நாலு நாளா எங்க தூங்கினா. புள்ளையும் நித்திர. பாலுக்குக்கூட அழல்ல."

"நீங்க?"

"எனக்குத்தான் தலையிடிக்குது. வயித்தயும் பொரட்டுது. பசி வாய்வாக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆனா மனே, புள்ளட முகத்த நீ பார்க்கணும். காலையில வெளிறிப் போய் இருந்திச்சு. இப்ப ரோசாப்பூ மாதிரி செவந்து போய் இரிக்கி. மாஷா அல்லாஹ். ஆருக்கும் சொல்லாத, கண்ணூறு பட்டுரும்."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று ஒரு புகை நஞ்சைப் பற்றிப் படித்திருக்கிறோம். நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒட்சிசனுக்கு இடம் கொடுக்காது, இரத்தம் செக்கச் சிவப்பாகும். பரீட்சைக்குப் பாடமாக்கி மறந்தது, உம்மாவின் குரலில் வந்து நின்றது. ஸ்கேனரில் அசையாமல் நின்ற இலக்கமும், முன் சீற்றுக்குக் கீழே கேட்ட டிக் டிக் சத்தமும் ஒரே நேரத்தில் மனதில் வந்தன. நஞ்சை எரிக்க வேண்டிய பெட்டியை வெட்டச் சொன்னது நான். பெட்டி இல்லை என்று சொல்ல வேண்டிய சென்சரின் வாயை நட்டால் அடைத்தது நான். கடைசியாக எரிந்த விளக்கையும் அணைத்தது நான். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"உம்மா, எஞ்சின் ஓடுதா?"

"ஓம். பெட்டரி சரியில்லையாம், நிப்பாட்டினா மறுகா ஸ்டார்ட் எடுக்காதாம். மாப்பிள்ள இறங்கித் தண்ணி பார்க்கப் போயிட்டார்."

"கண்ணாடிய கொஞ்சம் திறந்து விடுங்க உம்மா."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. வேனுக்குள் நஞ்சு வருகிறது, எனக்குத் தெரியும், என் வேலைதான் என்று சொல்லியிருந்தால் உம்மா அந்தத் துவாய்களைப் பல்லால் கடித்தாவது இழுத்து எறிந்திருப்பார். வாயைத் திறந்தேன். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளையை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல நாக்குப் புரளவில்லை.

"சும்மாதான். காத்தோட்டமா இரிக்கட்டும்," என்றேன்.

"உனக்கென்ன விசரா? பச்ச உடம்புக்காரி. நாலு நாள் புள்ளைக்குக் காத்துப் பூந்தா என்ன கதி? நீ உன்ட வேலையப் பாரு." வைத்துவிட்டார்.

மச்சானுக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. போனை வேனுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார் என்று பிறகு அறிந்தேன். உம்மாவுக்குத் திரும்ப எடுத்தேன், இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று. அவரும் எடுக்கவில்லை. கோபத்தில் எடுக்கவில்லையா, எடுக்க முடியவில்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த மணிச் சத்தம் போல ஒன்றை என் வாழ்நாளில் இனிக் கேட்கக் கூடாது.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மருதமுனை தாண்டும்வரை மழை முகத்தில் கல்லெறிந்தது. வழியெல்லாம் எதிரே வந்த வாகனங்கள் கண்ணாடியை இறுக மூடிக்கொண்டுதான் வந்தன. எனக்கு ஓதத் தெரிந்ததெல்லாம் ஓதினேன், ஆனால் ஓதலுக்கு நடுவே கணக்குப் பார்க்கிற மனம் ஓயவில்லை. நின்ற வண்டியில் அடியில் காற்றோட்டம் இல்லை, புகை கீழேயே தேங்கும். பின் சீற்றுக்குக் கீழே தகரம் உப்பில் உக்கி ஓட்டையாகி, மேலே கம்பளம் போட்டு மறைத்திருப்பதும் எனக்குத் தெரியும். இருபது நிமிடம் எடுத்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் இருபது வினாடி.

தண்ணீருக்கு இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து அந்தப் பக்கம் ஏறினேன். வரிசையில் பத்தாவதோ பதினோராவதோ வண்டி. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடி வழியாக மீற்றர் தெரிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போகும்போது ஒரு ஓட்டம், வரும்போது ஒரு ஓட்டம். பொறுமையாக இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தன் கடமையைச் செய்திருந்தது.

பக்கக் கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே புகை இல்லை. ஒன்றுமே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குத் தூள் மணமும் பிள்ளைப் பவுடர் மணமும்தான் வந்தன. உம்மா சீற்றில் சரிந்து கிடந்தார், வாயோரம் வாந்தி. தங்கச்சி நான் உலுக்கியும் அசையவில்லை. உம்மாவின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினேன். துணியைத் தூக்குவதுபோல இருந்தது, கழுத்தில் பிடிப்பில்லை. போர்வையை உருவி எறிந்துவிட்டு மழைக்குள் அந்த முகத்தை நீட்டினேன். காதுப் பஞ்சு தண்ணீரில் விழுந்து போனது. உம்மா அரை மயக்கத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"காத்து மனே... காத்து..."

எவ்வளவு நேரம் நின்றேனோ. பிள்ளை ஒரு தடவை விக்கியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். மச்சான் ஓடி வந்து நான் கத்தியதில் எஞ்சினை நிறுத்தினார். பின்னால் நின்ற வாகனக்காரர்கள் தங்கச்சியைத் தூக்கி வீதியோரக் கடை விறாந்தையில் கிடத்தினார்கள். ஓர் ஓட்டோக்காரர் வந்த வழியே திருப்பி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் தங்கச்சி கண் திறந்தாள். முதலில் கேட்டது பிள்ளையை. பிள்ளை பால் குடித்தது. நான் கழிப்பறைக்குள் போய்ச் சுவரில் நெற்றியை வைத்து அழுதேன்.

டொக்டர் வாகனத்துக்குள் புகை வந்ததா என்று கேட்டார்.

"பழைய வேன் டொக்டர். சைலன்சரில எங்கயாச்சும் ஓட்ட இரிக்கும்," என்று மச்சான் சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இரிக்கலாம்," என்றேன்.

அதோடு டொக்டரின் கேள்வி முடிந்தது. ஆனால் உம்மா புகையை ஒப்புக்கொள்ளவில்லை. "பொக எண்டா மணக்காதா, கண் எரியாதா? உள்ள இருந்தது நான்தானே. நாங்க நல்லாத்தான் வந்தம். கதவத் திறந்த பொறகுதான் எல்லாம் வந்தது," என்றார். மூன்றாம் நாள் தங்கச்சிக்குக் கடுமையான காய்ச்சல் அடித்தது. மழையில் நனைந்து தையல் புண்ணாகிவிட்டது என்றார்கள் டொக்டர்மார். உம்மா அதற்குச் சன்னி என்று பெயர் வைத்தார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் பரவியது. பச்சை உடம்புக்காரியின் வண்டிக் கதவைப் பெருமழைக்குள் திறந்துபோட்ட முட்டாள் காக்கா என்று எனக்குப் பெயர்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். அந்தப் பழி எனக்கு வசதியாக இருந்தது. அதைவிடப் பெரிய பழி ஒன்றை அது மூடி வைத்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் நினைத்த இடத்தில்தான் வெடிப்பு, பெட்டி வெட்டி ஒட்டிய இடத்துக்குச் சற்று மேலே, முதலாவது சென்சருக்கு முன்னால், நகம் நுழையும் அளவுக்கு. அதை அடைத்து, நட்டைக் கழற்றி, உக்கிய தகரத்தையும் ஒட்டவைத்தேன். மச்சான் எனக்கு ஆயிரம் நன்றி சொன்னார். அவர் நன்றி சொல்லச் சொல்ல எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஏன் எரிந்தது என்று இந்த மனிதர் ஒரு தடவையாவது திருப்பிக் கேட்கக் கூடாதா?

இப்போது யார் விளக்கை அணைக்கச் சொல்லி வந்தாலும் ஏன் எரிகிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். பலருக்கு என்மேல் ஆத்திரம், வேறு ஆளிடம் போகிறார்கள். முன்பு நட்டுப் பூட்டிக் கொடுத்தவர்களில் ஞாபகமுள்ளவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். சிலர் வந்தார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் வண்டியை எப்போதோ விற்றுவிட்டிருந்தார்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் ஒன்று, சவளக்கடைப் பக்கம் இரண்டு ஓடுவதாகக் கேள்வி. மற்றவை எங்கே என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கண்ணாடி மூடிய வேன் ஒன்று ஒழுங்கையில் நின்று இரைந்தால், உள்ளே யாரும் அசைகிறார்களா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பெண்கள் இருக்கும் வண்டிக்குள் எட்டிப் பார்த்ததற்காக ஒருவர் என்னை அடிக்கவும் வந்தார்.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. நடக்கிறான், சாப்பிடுகிறான், தன் பாட்டில் சிரிப்பான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். இன்னும் ஒரு சொல் கதைக்கவில்லை. உம்மா என்ற சொல் கூட இல்லை. காது கேட்கிறது என்கிறார்கள். பிந்திக் கதைக்கிற பிள்ளைகளும் உண்டு, பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டொக்டர். பிறந்த கிழமையில் நடந்ததோடு இதற்குத் தொடர்பு உண்டா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடு எழும்பி வந்தேன்.

போன மாதம் பாலமுனைக்குப் போயிருந்தேன். தங்கச்சி எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய மகன் வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காக்கா, ஒண்டு சொல்லட்டா? கோவிக்கப்படா," என்றாள்.

"சொல்லு புள்ள."

"அண்டைக்கு நீங்க கதவத் திறந்த நேரம் இவன்ட காதுப் பஞ்சு விழுந்திட்டுதாம். அந்தக் காத்துத்தான் உள்ள பூந்து இவன்ட பேச்ச அடைச்சிட்டெண்டு உம்மா எந்த நாளும் சொல்லுவா. நானும் அப்பிடித்தான் நெனச்சன். உங்களோட கதச்சிச் சிரிச்சாலும் மனசுக்குள்ள உங்கள்ள எனக்குச் சரியான கோவம் இருந்த. மூணு வருசமா இருந்த."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"இப்ப இல்ல காக்கா. போன வெள்ளிக்கிழம தொழுதிட்டு இருந்து யோசிச்சன். அல்லாஹ்வுக்காக உங்கள மாப் பண்ணிட்டன். நீங்க எங்களக் காப்பாத்துறண்டுதானே ஓடி வந்த. வேணுமெண்டு செய்யல்லதானே?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றேன். "வேணுமெண்டு செய்யல்ல."